நாலாயிரம் பேர் போனார்கள், ஒருவன் படம் வந்தது!

கனமான ஹார்லி டேவிட்சன் பைக். அதன் மேல் சரிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசாமி. இரண்டு கைகளிலும் பீர் பாட்டில். சக்கரத்தைச் சுற்றிலும் காலி பாட்டில்கள். 1947 ஜூலை 21 தேதியிட்ட அமெரிக்க 'லைஃப்' பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்த புகைப்படம் இது. அன்றைக்குப் பிறகு, கும்பலாக பைக்கில் கிளம்பினாலே 'ரவுடிக் கூட்டம்' என்று ஊர் கதவைச் சாத்த ஆரம்பித்தது.

அப்படி என்னதான் நடந்தது?

ஹாலிஸ்டர் என்பது கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இருக்கும் ஒரு விவசாய ஊர். அப்போது ஜனத்தொகை சுமார் 4,500. 1930-களிலேயே அங்கே 'ஜிப்ஸி டூர்' நடந்திருக்கிறது. பெயரைக் கேட்டு பயந்துவிடாதீர்கள். பல ஊர் பைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி ஓரிடத்தில் சேர்வார்கள். கூடாரம் போடுவார்கள், சமைத்துச் சாப்பிடுவார்கள், ரேஸ் பார்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். அவ்வளவுதான்.

இதற்கு அனுமதி முத்திரை கொடுத்தது, 1924-ல் ஆரம்பிக்கப்பட்ட அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம். வெறும் ரேஸுக்கு மட்டுமல்ல, நேர்த்தியாக உடுத்தி வரும் கிளப்புக்கும் அந்தக் காலத்தில் பரிசு கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஊருக்குள் நூறு வண்டி நுழைந்தால் அங்கிருப்பவர்களுக்கு பயம் வரும். 'நாங்கள் நல்ல மனுஷங்கதான்' என்று பார்த்தவுடனேயே காட்ட வேண்டியிருந்தது.

நடுவில் உலகப் போர் வந்தது. டூர் நின்றுபோனது. போர் முடிந்து 1947-ல் ஜூலை 4, சுதந்திர தின விடுமுறையில் மறுபடி ஏற்பாடு செய்தார்கள். இந்த முறை நிலைமை வேறு. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் ஏராளம். ராணுவம் கழித்துவிட்ட பைக்குகளும் விற்பனைக்கு வந்திருந்தன. 4,500 பேர் இருக்கும் ஊருக்குள் சுமார் 4,000 பேர் வந்து இறங்கினார்கள். ஊரில் இருந்த போலீஸ் எத்தனை பேர் தெரியுமா? ஏழு!

ஊருக்கு வெளியே முறைப்படி ரேஸ் நடந்துகொண்டிருந்தது. நிறைய பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கூட்டம் மெயின் ரோடான சான் பெனிட்டோ தெருவையே ரேஸ் மைதானமாக்கியது. குடித்துவிட்டுப் போட்டி, வித்தை, பாட்டில் வீச்சு. சிலர் வண்டியோடு மதுக்கடைக்குள்ளேயே நுழைந்தார்கள். முதலில் கல்லா நிறைகிறதே என்று சந்தோஷப்பட்ட கடைக்காரர்களே கடைசியில் விற்பனையைக் குறைக்க வேண்டியதாயிற்று. நெடுஞ்சாலைப் போலீஸ் வந்து கண்ணீர்ப்புகை என்று மிரட்டியது. நடுத்தெருவில் பாட்டுக் குழுவை வாசிக்கவிட்டு கூட்டத்தைத் திசைதிருப்பினார்கள். ஒருவழியாக அடங்கியது.

கணக்கு பார்த்தால், கைதானவர்கள் சுமார் 50 பேர். காயம்பட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு. உயிர்ச்சேதம் இல்லை. கவனியுங்கள், அடிபட்டவர்கள் பெரும்பாலும் பைக்காரர்களேதான். ஊரைக் கொளுத்த வந்தவர்களாக அவர்கள் சித்திரிக்கப்பட்டார்கள். ஆனால், அவர்கள் உடைத்ததில் அதிகம் அவர்களுடைய எலும்புதான்!

பிறகு அந்தப் புகைப்படம் வந்தது. 'போட்டோகிராபர்களே பாட்டில்களைக் கூட்டிச் சேர்த்து, ஆளையும் பிடித்து உட்காரவைத்தார்கள்' என்று, அங்கேயே நின்றிருந்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். 'மோட்டார் சைக்கிளிஸ்ட்' என்ற பத்திரிகையின் ஆசிரியர், 'தப்பு செய்தது ஒரு சின்ன சதவீதம்தான்' என்ற பொருளில் 'லைஃப்'புக்குக் கடிதம் எழுதினார். எடுபடவில்லை. 1951-ல் ஒரு சிறுகதை வந்தது. 1953-ல் அதை வைத்து மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' படம் வந்தது. பிரிட்டன் தணிக்கைக்குழு 1967 வரை அந்தப் படத்துக்குச் சான்றிதழே தரவில்லை. முரட்டு கிளப்புகளோ 'ஆமாம், நாங்கள்தான் அந்த ஒரு சதவீதம்' என்று சட்டையில் பட்டை தைத்துப் பெருமையாகத் திரிந்தன.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'குட்வில்' என்றால் தெரியும். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் விலை உள்ள சொத்து. அதைச் சேர்க்க ஊழியர்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்கில் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். தொலைக்க ஒரே ஒருவர் போதும். பைக் கூட்டத்துக்கும் அதே கணக்குதான். நாலாயிரம் பேரில் எத்தனை பேர் ஒழுங்காக வீடு திரும்பினார்கள் என்று யாரும் படம் எடுக்கவில்லை.

ஹாலிஸ்டரில் இல்லாமல் போனது என்ன? 'டேய், போதும்' என்று சொல்லவும், சொன்னால் கேட்கவும் ஆள் இல்லை. பிற்காலத்தில், 1973-ல் ஆரம்பிக்கப்பட்ட அமெரிக்க மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அமைப்பு எழுதி வைத்திருக்கும் குழுப்பயண விதிகளைப் படித்தால், இந்த ஓட்டையை அடைக்கத்தான் எழுதினார்களோ என்று தோன்றும்.

கிளம்பும் முன் எல்லோரும் நின்று பேசிக்கொள்ள வேண்டும். எந்த வழி, எங்கே நிறுத்தம், என்ன சைகை? கூட்டம் பெரிதானால் ஐந்து முதல் ஏழு பேராகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்னால் ஓர் அனுபவசாலி, கடைசியில் ஓர் அனுபவசாலி. புதுசாக ஓட்டுபவர் தலைவருக்கு நேர் பின்னால். ஜோடியாக ஒட்டிக்கொண்டு போகாமல், வலது இடது என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி. வளைவு வந்தால் ஒற்றை வரிசை. கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பின்தங்கினால் நீங்களும் வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லோரும் இப்படிச் செய்தால் கூட்டம் முழுக்கத் தானாகவே வேகம் குறையும். யாரும் தனியாக விடப்பட மாட்டார்கள்.

கடைசி விதியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். பாதுகாப்பும் மரியாதையும் வேறு வேறு இல்லை என்பதை அது ஒன்றே சொல்லிவிடுகிறது. வேகமாக ஓட்டுகிறவரிடம் 'திறமையைக் காட்டு' என்று கேட்கவில்லை, 'பின்னால் இருப்பவனைப் பார்' என்கிறது. முன்னால் போகிறவரைத் துரத்திக்கொண்டு தன் சக்திக்கு மீறி முறுக்குகிற புதுப் பையன், அந்த ஒரு பார்வையால் காப்பாற்றப்படலாம்.

ஹாலிஸ்டர் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. 1997-ல், சரியாக ஐம்பது வருஷம் கழித்து, அந்த நிகழ்ச்சியைக் கொண்டாடவே பைக்காரர்களைக் கூப்பிட்டது. ஊர் மன்னித்துவிட்டது. ஆனால், அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் இன்றைக்கும் தேடி எடுத்துப் போடுகிற படம் எது என்று நினைக்கிறீர்கள்? அதே பீர் பாட்டில் ஆசாமிதான்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு கிளம்புகிறீர்களா? சந்தோஷமாகப் போய் வாருங்கள். உங்கள் கூட்டத்தில் அந்த ஆசாமி யாராக இருக்கும் என்பதை மட்டும் கிளம்பும் முன்பே யோசித்துவிடுங்கள். அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிதானமானவர்களாகப் பார்த்துப் போடுங்கள்.