மணிக்கோபுரம் யாருடையது?

கோயில் மணியை நாம் 'அடிக்கிறோம்'. பூசையறைக் கைமணியை 'ஆட்டுகிறோம்'. இங்கிலாந்தின் பங்கு ஆலயங்களில் நடப்பதற்கு இவ்விரு வினைகளும் பொருந்தா. அங்கே மணி சுழற்றப்படுகிறது. மணியோடு பிணைத்த பெரிய சக்கரத்தைச் சுற்றி ஒரு கயிறு கீழ்த்தளத்துக்கு இறங்கும். முதலில் மணியை மெல்ல மெல்ல ஊசலாட்டி, அதன் வாய் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நிறுத்துவர். பின்னர் ஓர் இழுப்புக்கு ஒரு முழுவட்டம், ஒரே ஓர் ஒலி. மறு இழுப்புக்கு எதிர்த்திசையில் இன்னொரு வட்டம். ஒரு மணிக்கு ஓர் ஆள்.

பல நூறு கிலோ எடையுள்ள வெண்கலத்தை இவ்வாறு சுழற்றிப் பாட்டு இசைக்க இயலாது. இழுப்பவர் அதைச் சிறிது முந்தச் செய்யலாம், சிறிது பிந்தச் செய்யலாம், அவ்வளவே. ஆகவே ஒரு மணி தனக்கு அடுத்த மணியோடு மட்டுமே இடம் மாற முடியும். இந்த இயலாமையிலிருந்துதான் அந்தக் கலை பிறந்தது. மூன்று மணிகளை எடுத்துக்கொள்வோம்: 123, 213, 231, 321, 312, 132, மீண்டும் 123. எந்த மணியும் ஓரிடத்துக்கு மேல் தாவவில்லை. முதல் வரிசைக்குத் திரும்பும்வரை எந்த வரிசையும் இருமுறை வரவில்லை. மொழியியல் பயின்ற எனக்கு இது தொடரிலக்கணம் போலவே தோன்றுகிறது. ஒலிகள் சில, விதிகள் இரண்டு. பிறக்கும் வரிசைகளோ ஐந்து மணிக்கு 120, ஏழுக்கு 5,040, எட்டுக்கு 40,320. இவ்விலக்கணத்தை ரிச்சர்ட் டக்வொர்த் 1668இலும், அச்சுத் தொழிலரான ஃபேபியன் ஸ்டெட்மன் 1677இலும் நூலாக்கினர். 1715 மே 2 அன்று நாரிச் நகரின் புனித பேதுரு மான்கிராஃப்ட் ஆலயத்தில் 5,040 வரிசைகளும் 3 மணி 18 நிமிடத்தில் ஒலித்து முடிந்தன. இத்தகைய முழக்கத்தில் கையில் தாள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை, அனைத்தும் நினைவிலிருந்தே.

இதைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் கொல்லர், தச்சர், உழவுத் தொழிலாளர் போன்ற எளிய மக்கள். மணிகள் திருச்சபையின் உடைமை. அவற்றைச் சுழற்றும் திறனோ இவர்களுடையது. பூசல் அங்கேதான் தொடங்கியது. திருமணம், தேர்தல் வெற்றி, அரசர் பிறந்தநாள் என எதற்கும் கூலி பெற்று முழக்கினர். ஊர்களுக்கிடையே பந்தயங்கள் நடந்தன. தொப்பிகூடப் பரிசாக வழங்கப்பட்டது. மணியறையில் பீர் குடம் இருந்தது. ஞாயிறன்று மணி முழக்கிவிட்டு, வழிபாடு தொடங்குமுன் கோபுர வாயில் வழியே வெளியேறியவர்களும் உண்டு. ஒழுங்கே இல்லாதவர்கள் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தொப்பியோடும் குதிமுள்ளோடும் மணியறைக்குள் வருபவருக்குத் தண்டம் விதித்து, அதைச் செய்யுளாகவே சுவரில் எழுதிவைத்தவர்களும் இவர்களே. அந்த ஒழுங்கு அவர்களுடையது, குருவானவருடையது அன்று.

பிட்டன் என்னும் சிற்றூரில் பணியாற்றிய குருவானவர் ஹென்றி தாமஸ் எல்லகோம், முன்னர்க் கப்பல் தளத்தில் பொறியியல் பயின்றவர். 1821இல் அவர் ஒரு கருவியை அமைத்தார். அசையாமல் தொங்கும் மணிகளின் அருகே சிறு சுத்தியல்கள். அவற்றின் கயிறுகள் அனைத்தும் கீழே ஒரே சட்டத்தில். ஒருவர் நின்று எல்லா மணிகளையும் ஒலிக்கலாம். அடங்காத குழுவைக் கெஞ்ச வேண்டியதில்லை. கருவி பல ஊர்களுக்கும் பரவியது. எல்லகோமின் மனக்குறை பொய்யன்று. மணிகள்பால் அவருக்கு இருந்த காதலும் பொய்யன்று, அவற்றைப் பற்றிப் பின்னாளில் நூல்களே எழுதினார். ஆயினும், ஒரு கூட்டத்தின் உழைப்பை வெறும் ஓசையாகச் சுருக்கிப் பார்த்தார் என்பதே என் கருத்து. நிலைத்த மணியைச் சுத்தியல் தட்டும்போது, சுழலும் மணியின் வீச்சும் முழக்கமும் கிட்டுவதில்லை.

பின்வந்த சீர்திருத்தக்காரர் சிலர் வேறு வழி கண்டனர். குழுவை ஒழிப்பதை விடுத்து அதைச் சபைப் பணியாளராக ஏற்றனர். 1874இல் டெவன் மாவட்டத்தில் சங்கம் அமைந்தது. 1891இல் சங்கங்களின் மத்தியக் குழு உருவானது. 1896இல் ஆலிஸ் ஒயிட் ஒரு முழு நீள முழக்கத்தில் பங்கேற்ற முதல் பெண்ணானார். குழுக்கள் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கின என்பதை முதல் உலகப் போர் காட்டிற்று: அதில் மாண்ட மணியடிப்போர் சுமார் 1,400 பேர். அடுத்த போரில் மணிகளே மௌனமாயின. பகைவர் வந்திறங்கினால் எச்சரிப்பதற்காக மட்டுமே ஒலிக்க வேண்டுமென 1940 சூனில் தடை வந்தது. எல் அலமெய்ன் வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று அது ஒருநாள் விலக்கப்பட்டது.

இந்தியாவிலும் இவ்வகை மணிகள் உண்டு. புணேயின் பாஞ்ச் ஹௌத் பகுதியிலுள்ள திருப்பெயர் ஆலயக் கோபுரத்தில், லஃபரோ நகரின் டெய்லர் பட்டறையில் வார்த்த எட்டு மணிகள் தொங்குகின்றன. அவற்றை முறைப்படி சுழற்றப் பயின்ற எட்டுப் பேர் வேண்டும்.

அத்தகைய எட்டுப் பேர் உருவாகும் விதத்தை ஓர் ஆங்கிலச் சிற்றூரின் பயிற்சி மாலையில் காணலாம். வாரத்தில் ஒரு நாள் கூடுவர். புதியவர் முதலில் வரிசை எதையும் கற்பதில்லை. ஒரே மணியைப் பல வாரம் இழுத்து, கயிற்றின் கம்பளிப் பிடியை எப்போது பற்றுவது, எப்போது விடுவது என்று பழகுவார். தவறாக விட்டால் கயிறு ஆளையே தூக்கிவிடும். குழுத் தலைவர் வட்டத்தில் நின்றபடியே மாற்றங்களை உரக்கச் சொல்வார். பயிற்சி முடிந்ததும் பல குழுக்கள் இன்றும் மதுக்கடைக்கே செல்கின்றன. பீர் குடம் மணியறையை விட்டுத் தெருவைக் கடந்திருக்கிறது, அவ்வளவே. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மணிநாக்கின் ஒரு பக்கத்தில் தோலுறை கட்டுவர். ஓர் இழுப்பு முழங்கும். மறு இழுப்பு தொலைவிலிருந்து வருவது போல மங்கி ஒலிக்கும். அன்று அவருடைய கயிற்றை வேறொருவர் பற்றியிருப்பார்.