வடிகால் இல்லாப் பாசனம்: மேற்கு யமுனைக் கால்வாய் தரும் பாடம்

இன்றைய அரியானாவில் ஓடும் மேற்கு யமுனைக் கால்வாய், 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் வெட்டுவித்தது. பின்னர்த் தூர்ந்து கிடந்த அதனை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி புதுப்பித்தது. பழைய தடம் பல இடங்களில் தாழ்நிலங்களின் வழியே சென்றமையால், கரைகள் மழைநீரின் இயல்பான ஓட்டத்தை மறித்தன. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. நீர் ஆவியானபின் எஞ்சிய உப்பு வயல்களில் வெண்மையாகப் பூத்தது. உழவர் அதனை 'ரே' என்றனர். காய்ச்சலும் பரவியது, கர்னால் இராணுவ முகாமே 1840களில் கைவிடப்பட்டது.

பேக்கர், டெம்ப்ஸ்டர், யூல் ஆகிய மூவர் குழு, ஊர்தோறும் மக்களின் மண்ணீரல் வீக்கத்தைச் சோதித்து 1847இல் அறிக்கை அளித்தது. கெட்டியான மண்ணும் தடைப்பட்ட வடிகாலும் சேர்ந்த இடங்களிலேயே நோய் மிகுந்திருந்ததை அது சுட்டியது. ஆயினும் கால்வாயின் தடத்தை மாற்றப் பல பத்தாண்டுகள் ஆயின. பாய்ச்சிய நீருக்கு வரி கிடைத்தது; வடித்த நீர் கருவூலத்திற்கு எதையும் ஈட்டித் தரவில்லை.

1969இல் தொடங்கப்பட்ட மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் அதே கர்னாலில்தான் இயங்குகிறது. துளையிட்ட குழாய்களை நிலத்தடியில் பதித்து உப்புநீரை வெளியேற்றும் முறையை அது வளர்த்தெடுத்தது. பாசனப் பரப்பை மட்டும் கணக்கிடும் வரலாறு, களராகிப்போன நிலத்தைக் காணத் தவறிவிடும்.