முருகன் கணக்கு தெரியும், முனிசிபாலிட்டி கணக்கு?

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை. ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்துவிட்ட ஒரு காலை நேரம். பக்கத்து பெஞ்சில் இரண்டு பெரியவர்கள், ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம், கோயில் உண்டியல். இந்தத் தடவை ரொக்கம் எவ்வளவு, தங்கம் எத்தனை கிராம், வெள்ளி எத்தனை கிலோ, போன தடவையைவிடக் கூடவா குறைவா... அத்தனையும் நுனி நாக்கில்.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தது பி.காம். யாராவது கணக்கு பேசினால் மூக்கை நுழைக்காமல் இருக்க முடிவதில்லை.

"ஐயா, முருகன் கணக்கை இவ்வளவு சுத்தமா சொல்றீங்க. முனிசிபாலிட்டிக்கு வருஷ வரவு எவ்வளவுன்னு தெரியுமா?"

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "அது நமக்கு எப்படிப்பா தெரியும்? ஆமா, உனக்கு எந்த ஊரு? உங்க ஊர்ல எவ்வளவு?"

எனக்கும் தெரியாது. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டேன்.

சரி, உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் கட்டும் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் எந்தத் தெருவில் சிமென்ட் ஆகிறது, எந்தச் சாக்கடையில் மூடி ஆகிறது என்று? தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம். பாதி தேசம் உங்கள் பக்கம்தான்.

உண்டியல் கணக்கு ஏன் தெரிகிறது? நாலு பேர் பார்க்க எண்ணுகிறார்கள். எண்ணி முடித்ததும் சொல்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம். இந்த எளிய விஷயத்தை ஊர்ப் பணத்துக்குக் கொண்டுவருவதற்கு எத்தனை நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் ஒன்று. திருத்தணிக்காரர்கள் ஒன்றும் 'நமக்கென்ன' என்று இருந்துவிடும் ஆட்கள் இல்லை. மாநிலத்தையே கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் முழுசாக அங்கே போய்விட்டது. திருத்தணியும் கூடவே போனது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம். தமிழாசிரியர் மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்க்காரர்கள் அதற்கு முன்பே மண்ணைப் பண்படுத்தி வைத்திருந்தார்கள். மறியல், ஊர்வலம், சிறை எல்லாம் நடந்தது. கடைசியில் படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமம் கிராமமாகப் பார்த்து, எந்த மொழி பேசுபவர்கள் அதிகம் என்று எண்ணி, எல்லை பிரிக்க யோசனை சொன்னார். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி, அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது.

பாருங்கள். 'நீ எந்த மாநிலம்?' என்ற பெரிய கேள்விக்குக் கிராமம் கிராமமாக விடை தேடியிருக்கிறார்கள். 'உன் தெருவுக்கு விளக்கா, குழாயா, எது முதலில்?' என்ற சின்னக் கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை!

இன்னும் ஆயிரம் வருஷம் பின்னால் போவோமா?

திருத்தணிக்குப் பக்கத்தில் வேலஞ்சேரி. அங்கே 1977-ல் செப்பேடுகள் கிடைத்தன. ஒரு தொகுதி பல்லவ அரசன் அபராஜிதனுடையது. இன்னொன்று முதலாம் பராந்தக சோழனுடையது. அபராஜிதனின் செப்பேடு, திருத்தணி முருகனுக்கு விட்ட தானத்தைச் சொல்கிறது. யார் கொடுத்தது, எதற்காக என்பதைச் செம்பில் வெட்டி வைக்கும் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே பராந்தகன் காலத்தில்தான், இங்கிருந்து காஞ்சிபுரம் தாண்டித் தெற்கே போனால் வரும் உத்திரமேரூரில் அந்தப் புகழ்பெற்ற கல்வெட்டுகள் எழுந்தன. கி.பி. 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று. குடவோலை முறை! பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி ஒரு வருஷம்தான்.

மேடைக்கு மேடை இந்தக் குடத்தைத் தூக்கிக் காட்டுகிறோம். 'உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவன் தமிழன்' என்று கைதட்டல் வாங்குகிறோம். ஆனால் என்னைப் போன்ற காமர்ஸ் ஆசாமிக்கு அந்தக் கல்வெட்டில் குடத்தைவிட ருசியான இடம் வேறு.

யாரெல்லாம் போட்டியிடக் கூடாது என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் முன்னால் நிற்பவர் யார் தெரியுமா? ஏற்கெனவே வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவர். அவருக்கு மட்டுமா தடை? அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள், மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், மருமகன், அப்பா, மகன்... மொத்த உறவுக்கும் கதவு சாத்தல்!

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒருவரால் நிற்க முடியாவிட்டால் வீட்டம்மாவை நிறுத்திவிடுகிறோம். அந்த ஓட்டையை 921-லேயே சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள்.

கணக்கு எழுதுபவருக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து சபைப் பெரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் எழுதியதை முடித்துவைக்க வேறு ஆளை நுழைக்கக் கூடாது. 'நல்லவர்' என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி அந்த வேலை.

ரொம்பப் புல்லரிக்க வேண்டாம். இதே கல்வெட்டில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அரைக்கால் வேலிக்காரருக்குக் கூடுதல் படிப்பின் பேரில் ஒரு சலுகை உண்டு. ஏரியில் தூர் வாரியவனுக்கும், தோட்டத்தில் களை பறித்தவளுக்கும் ஓலை கிடையாது. கணக்கு கேட்கும் உரிமை இருந்தது. ஆனால் அது ஊரில் ஒரு சிலருக்குத்தான். அந்த உரிமையை எல்லோருக்கும் விரிப்பதுதான் பிறகு வந்த காலத்தின் பாடு.

வெள்ளைக்காரன் வந்தான். 1882 மே 18-ல் ரிப்பன் பிரபு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உள்ளூர் சபைகளில் அதிகாரி அல்லாதவர்கள் அதிகம் இருக்கட்டும், மக்கள் பழகிக்கொள்ளட்டும் என்றார். சென்னையில் ரிப்பன் மாளிகை என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. ஆனால் ஓட்டு யாருக்கு? வரி கட்டும் வசதிக்காரருக்கு. பட்ஜெட்டில் கடைசி வார்த்தை யாருடையது? மேலே இருப்பவருடையது.

சுதந்திரம் வந்து 45 வருஷம் கழித்துத்தான் அரசியல் சட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் அமலுக்கு வந்தன. கிராமத்துக்குக் கிராம சபை. தமிழ்நாட்டில் 1994-ம் வருஷ ஊராட்சிச் சட்டப்படி பட்ஜெட்டையும் தணிக்கை அறிக்கையையும் அந்தச் சபை முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். அங்கே உறுப்பினர் யார்? வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் அத்தனை பேரும். ஆணும் பெண்ணும். கால் வேலி நிலமெல்லாம் கேட்பதில்லை.

நகரத்துக்கு? இங்கேதான் இடித்தது. 74-வது திருத்தம் வார்டு கமிட்டியைக் கட்டாயமாக்கியது, 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு மட்டும். 2011 கணக்கெடுப்பில் திருத்தணி 50 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஆக, திருத்தணியை ஒட்டிய கிராமத்தில் மாடு மேய்ப்பவர் பட்ஜெட்டைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். ஊருக்குள் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் கேட்க ஒரு சபை கிடையாது! இந்த விசித்திரம் கொஞ்சநஞ்ச காலமா நீடித்தது? தமிழ்நாட்டு நகரங்களில் 'பகுதி சபை' கூடியது 2022 நவம்பர் 1-ம் தேதிதான். அதற்கு முன், 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை நகரங்களில் கவுன்சிலர்களே இல்லை. தனி அதிகாரிகள் ராஜ்ஜியம்.

சரி, மக்களைக் கூட்டி உட்காரவைத்தால் மட்டும் போதுமா? போதாது. எங்கே வேலை செய்தது என்று பார்க்கலாம்.

பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி என்று ஒரு நகரம். 1989-ல் தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ துத்ரா மேயராக உட்கார்ந்தார். கஜானா காலி. மக்களையே கூப்பிட்டார். பகுதி பகுதியாகக் கூடி, எது முதலில் என்று அவர்களே வரிசைப்படுத்தினார்கள். வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண். 1988-ல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த குடிநீர், சாக்கடை இணைப்பு 1997-ல் 98 சதவீதத்தைத் தொட்டது. உலக நாடுகள் ஓடிவந்து காப்பியடித்தன. ஆனால் பலர் காப்பியடிக்க மறந்தது ஒன்று. அங்கே வருஷத்தின் முதல் சுற்றுக் கூட்டத்தில், 'என்ன வேண்டும்?' என்று கேட்பதற்கு முன்னால், 'போன வருஷம் நீங்கள் சொன்னதில் இதை முடித்தோம், இதை முடிக்கவில்லை' என்று நகராட்சி கணக்கு ஒப்பித்தது. உத்திரமேரூரேதான்! அந்த நகரமும் சலித்துப்போய் 2017-ல் அதை நிறுத்திவைத்தது என்பது சோகமான பின்கதை.

நம் பக்கத்து கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தை ஆரம்பித்தது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, 'கூடிப் பேசி முடிவு பண்ணுங்கள்' என்றது. புனே மாநகராட்சி 2006-ல், வார்டில் என்ன வேலை வேண்டும் என்று குடிமக்களே படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ராஜஸ்தான். பாலி மாவட்டத்தில் கோட் கிரானா. 1994 டிசம்பரில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு அங்கே ஊரைக் கூட்டியது. பஞ்சாயத்து வேலைகளின் பில்லையும், கூலிப் பட்டியலையும் சத்தமாக வாசித்தது. அவ்வளவுதான் செய்தது. கூலி வாங்கியதாக எழுதப்பட்டவர், "எனக்கு வேலையே தரலியே" என்று எழுந்து நின்றார். முடிந்ததாக எழுதிய கட்டடம் பாதியில் நின்றது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் அன்றைக்கு ஆடிட்டர் ஆனார்கள். 'நம் பணம், நம் கணக்கு' என்ற அந்தக் குரல்தான் வளர்ந்து, 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு முக்கியக் காரணமானது.

ஆக, பாடம் என்ன?

பட்ஜெட் என்பது வாக்குறுதி. கணக்கு என்பது நடந்தது. கூட்டத்துக்குப் போய் 'எனக்கு இந்த ரோடு வேண்டும், அந்த விளக்கு வேண்டும்' என்று ஆசையைப் பட்டியல் போடுவது சுலபம். எழுதிக்கொள்வார்கள். டீ, பிஸ்கட்கூடக் கிடைக்கலாம். ஆனால் போன வருஷப் பட்டியல் என்ன ஆச்சு என்று கேட்காத ஊரில், இந்த வருஷப் பட்டியல் வெறும் காகிதம்.

ஒரு சின்ன டிப்ஸ் தருகிறேன். எந்த உள்ளாட்சி பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தாலும் பெரும்பாலும் மூன்று கட்டங்கள் இருக்கும். முடிந்த வருஷத்தின் உண்மைக் கணக்கு, நடப்பு வருஷத்தின் திருத்திய மதிப்பீடு, வரும் வருஷத்தின் மதிப்பீடு. எல்லோர் கண்ணும் கடைசிக் கட்டத்துக்கு ஓடும். பேப்பரில் தலைப்புச் செய்தியாவதும் அதுதான். நீங்கள் முதல் கட்டத்தைப் பாருங்கள். 'தெருவிளக்கு' என்ற வரியில் அன்றைக்கு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு? இந்த ஒரு கேள்வியை, ஒரே ஒரு வரிக்கு, பகுதி சபையில் எழுந்து கேளுங்கள். பதில் வராவிட்டால் இருக்கவே இருக்கிறது தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கட்டணம்.

ஒருவர் கேட்டால் 'வம்புக்காரன்' என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவருவார்கள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31 வந்துவிட்டால் படிக்குப் படி பூஜை, படிக்குப் படி பாட்டு. ஒரு படியைக்கூட விட்டுவிடாமல் ஏறுகிறது கூட்டம்.

ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வருஷம் முடிவது மார்ச் 31-ம் தேதி. அன்றைக்கும் 365 நாள் கணக்கு கீழே வரிசையாக நிற்கிறது. ஏறிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த முறை அந்த டீக்கடைக்குப் போவதற்கு முன்னால், என் ஊர்க் கணக்கை நான் கேட்டு வாங்கிவிட வேண்டும். பெரியவர் மறுபடி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!