இரண்டு விஜயர்கள்

அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு நண்பர் எப்போதாவது எனக்குக் கடிதம் எழுதுவார். உப்பளம் வைத்திருப்பவர். கடிதத்தில் பாதி மழையும் உப்பு விலையுமாக இருக்கும். மீதிப் பாதி கிரிக்கெட். இந்தத் தடவை உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "மெர்ச்சண்ட், ஹஸாரே இருவரில், ஒரே ஒரு பருவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் யார் பெரியவர்? தாங்கள் தீர்ப்புச் சொன்னால் எங்கள் கடைத்தெருவில் ஒரு சண்டை ஓயும்" என்று கேட்டிருந்தார்.

சண்டை ஓயுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

மகாபாரதத்தில் விஜயன் ஒருவன்தான். 1943-44 பருவத்தில் நம் நாட்டு மைதானங்களில் இரண்டு பேர். விஜய் மெர்ச்சண்ட் பம்பாயில் செல்வம் கொழித்த ஆலை முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை. விஜய் ஹஸாரே சாங்க்லியில் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். ஒருவர் ஆடுவதைப் பார்க்க ஊரே திரளும். மற்றவர் வாய் திறந்து பேசுவதே அபூர்வம்.

அந்தக் காலத்துப் பம்பாயில் பெரிய திருவிழா ரஞ்சிக் கோப்பை அல்ல, பெண்டாங்குலர் என்ற ஐந்து கட்சிப் போட்டி. ஹிந்துக்கள் ஒரு கட்சி, முஸ்லிம்கள் ஒரு கட்சி, பார்சிகள், ஐரோப்பியர்கள் தலைக்கு ஒன்று. இவற்றில் எதிலும் சேராதவர்களுக்கு "மற்றவர்கள்" என்று பெயர். நம் சென்னையில் பொங்கலை ஒட்டி நடந்த பிரஸிடென்ஸி ஆட்டம் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் நடுவே. அதற்கு அதிராம்பட்டினத்து மரைக்காயரும் மன்னார்குடி ஐயங்காரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கட்சிக்குக் கை தட்டலாம். பம்பாயில் அதற்கு வழியில்லை. காந்திஜி 1940-லேயே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஆனாலும் 1946 வரையில் அது ஓயவில்லை. ஹஸாரே கிறிஸ்தவர், ஆகவே "மற்றவர்கள்" கட்சி. அந்தப் பெயரிலேயே ஓர் அநாதைத்தனம் இருக்கிறது, பாருங்கள்.

முஸ்லிம்களுக்கு எதிராக ஹஸாரே 248 ரன் எடுத்தார். அது மெர்ச்சண்ட் முன்பு வைத்திருந்த 243-ஐத் தாண்டிய கணக்கு. இறுதி ஆட்டத்தில் இருவரும் எதிர் எதிர்க் கட்சியில். மெர்ச்சண்ட் அவுட் ஆகாமல் 250. ஹிந்துக்கள் 5 விக்கெட்டுக்கு 581 என்று டிக்ளேர் செய்தார்கள். மற்றவர்கள் 133-க்குச் சுருண்டார்கள். அதில் 59 ஹஸாரேயுடையது. பிறகு பாலோ-ஆன்.

அந்த இரண்டாவது இன்னிங்ஸைத்தான் நான் நினைத்து நினைத்து வியக்கிறேன். மற்றவர்கள் எடுத்த மொத்தம் 387. அதில் ஹஸாரே மட்டும் 309! ஏனைய பத்துப் பேரும் உதிரி ரன்களும் சேர்ந்து 78. ஆறாவது விக்கெட்டுக்கு ஹஸாரேயும் அவருடைய தம்பி விவேக்கும் 300 ரன் சேர்த்தார்கள். தம்பியின் பங்கு 21. அந்த 21-ஐ அற்பமென்று நினைத்துவிடாதீர்கள். மறுமுனையில் ஒருவன் மட்டையை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் அண்ணன் யாரை நம்பி அடிப்பது?

இத்தனைக்கும் பிறகு மற்றவர்கள் ஒரு இன்னிங்ஸும் 61 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

மெர்ச்சண்ட் சும்மா இருப்பாரா? அதே பருவத்து ரஞ்சிக் கோப்பையில் மகாராஷ்டிரத்துக்கு எதிராக அவுட் ஆகாமல் 359 எடுத்தார். 1939-40-ல் ஹஸாரே எடுத்த 316-தான் அதுவரை இந்தியர் ஒருவரின் உச்சம், அது போயிற்று. 1948-ல் நிம்பால்கர் 443 எடுக்கும் வரையில் மெர்ச்சண்டின் கணக்குத்தான் நின்றது. வேடிக்கை என்னவென்றால் இங்கேயும் ஆறாவது விக்கெட்டுத்தான்: ரூசி மோடியுடன் சேர்ந்து 371. ஆனால் மோடி 168 எடுத்துக் கொடுத்தார். பம்பாயின் மொத்தம் 735.

இப்போது உப்பளத்து நண்பருக்கு நான் ஒன்று சொல்லவேண்டும். ஒரு பருவத்து உப்பை மட்டும் அளந்து பாத்திக்காரனின் திறமையைத் தீர்மானிப்பீர்களா? காற்று எப்படி, வெயில் எப்படி, எதிர்பாராத மழை எத்தனை நாள் என்று கேட்பீர்கள் அல்லவா? மெர்ச்சண்டின் பாத்தி நல்ல இடத்தில் அமைந்தது. அவருக்கு முன்னும் பின்னும் ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஹஸாரே அந்தப் பருவம் முழுவதும் 1,423 ரன் எடுத்தார். சராசரி 177-க்கு மேல். பந்து வீச்சிலும் அவர் சோம்பியவரல்ல. பின்னாளில் ஆஸ்திரேலியாவில் பிராட்மனின் ஸ்டம்பையே பெயர்த்தவர்.

யுத்த காலத்தில் வெளிநாட்டுக் கட்சிகள் வரவில்லை, ஆடுதளங்கள் தட்டையாக இருந்தன, ஆகையால் எல்லாக் கணக்கையும் கொஞ்சம் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பார்கள். செய்யலாம். ஆனால் தள்ளுபடி இருவருக்கும் ஒன்றுதானே? அதே 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் சோறில்லாமல் மடிந்தார்கள் என்பதையும் இந்த ரன் மழையோடு சேர்த்து நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

ஆயுள் முழுவதற்கும் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். முதல் தர ஆட்டங்களில் மெர்ச்சண்டின் சராசரி 71.64, பிராட்மனுக்கு அடுத்த ஸ்தானம். ஹஸாரேக்கு 58.38. டெஸ்டிலோ 47.72-க்கு 47.65, தராசு முள் அசையவே இல்லை. ஆனால் நண்பர் ஒரு பருவம் என்றல்லவா கேட்டார்? அந்த 1943-44-ஐ நான் ஹஸாரேக்கே எழுதிக் கொடுக்கிறேன். தோற்ற கட்சியில் நின்று அடித்த 309-க்காகவே கொடுக்கிறேன்.

கடைத்தெருவில் மெர்ச்சண்ட் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. 1951 நவம்பரில் டில்லியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் இந்த இருவரும் ஒரே கட்சி. மூன்றாவது விக்கெட்டுக்கு 211 சேர்த்தார்கள். நாற்பது வயது மெர்ச்சண்ட் 154 எடுத்தார். அதுவரை டெஸ்டில் எந்த இந்தியரும் அவ்வளவு எடுத்ததில்லை. அந்தப் பெருமை அதே இன்னிங்ஸ் முடிவதற்குள் பறிபோயிற்று. காப்டன் ஹஸாரே, அவுட் ஆகாமல் 164. அந்த ஆட்டத்தில் பீல்டிங் செய்யும்போது தோளில் அடிபட்டு மெர்ச்சண்ட் டெஸ்ட் பந்தயத்தை விட்டு விலகினார். மூன்று மாதம் கழித்து, 1952 பிப்ரவரியில், நம் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அடைந்தபோது காப்டனாக நின்றவர் ஹஸாரேதான். அன்று மெர்ச்சண்ட் கட்சியில் இல்லை.