வேலிக்குள் விளைந்த புல்

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் கிளுவை வேலிக்கு நடுவே புல்லும் வெள்வேல மரங்களுமாகக் கிடக்கும் நிலத்தைக் கொரங்காடு என்பார்கள். வழிப்போக்கர் கண்ணுக்கு அது உழவர் கைவிட்ட தரிசாகத்தான் படும். மழை பெய்தால் புல் தானே முளைக்கிறது, மாடு மேய்ந்துவிட்டுப் போகிறது, இதில் மனிதர் செய்தது என்ன இருக்கிறது என்று தோன்றும். நில வளர்ச்சித் திட்டங்களைத் தீட்டியவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். புல்லும் புதருமான நிலம் எங்கே இருந்தாலும் அதை ஏதாவதொன்றாக 'மாற்றியாக வேண்டும்' என்ற எண்ணம் நம் நாட்டில் ஆழமாக ஊறியிருக்கிறது. 1985இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் உருவானபோதும் அந்த எண்ணமே மேலோங்கி நின்றது. கொரங்காட்டின் வரலாறு இதற்கு நேர் எதிரான சாட்சியம் சொல்கிறது. நெல்லும் மஞ்சளும் எப்படி விளைவிக்கப்பட்டனவோ அப்படியே இந்தப் புல்லும் விளைவிக்கப்பட்டது. அதற்கென்று நிலம் ஒதுக்கினார்கள், வேலி கட்டினார்கள், உழுதார்கள், வரி கட்டினார்கள். இதை ஒப்புக்கொண்டால்தான் அது ஏன் அழிகிறது என்பதும் விளங்கும்.

முதலில் அதன் கட்டமைப்பைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் சமவெளி இது. ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மண்ணோ சரளை கலந்த செம்மண். இந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றதாகத் தேர்ந்துகொண்டவை மூன்று. கீழே கொழுக்கட்டைப் புல்: கோடையில் காய்ந்து சருகானாலும் தூர் சாகாது, ஒரு மழை விழுந்தால் மறுபடி தளிர்க்கும், காய்ந்து நிற்கும்போதும் மாட்டுக்கு வயிறு நிறைக்கும். மேலே வெள்வேல மரம்: இலை சிறிது, நிழல் மெல்லியது, ஆகவே அடியில் புல் செத்துப்போவதில்லை, புல் தீர்ந்துபோகும் மாசி, பங்குனியில் அதன் நெற்றுகள் ஆடுமாடுகளுக்குத் தீனியாகின்றன. சுற்றிலும் கிளுவை: போத்து வெட்டி ஊன்றினால் வேர் பிடித்து, கல்லும் கம்பியும் இல்லாமலே தலைமுறைகள் தாண்டி நிற்கும் உயிர்வேலி. இந்த மூன்றும் ஒரே நிலத்தில் இந்த ஒழுங்கில் தற்செயலாக வந்து சேர்வதில்லை. கிளுவையை ஊன்றியது மனிதக் கை. முளைத்த வேலங்கன்றுகளில் எதை விடுவது, எதைக் களைவது என்று முடிவு செய்ததும் மனிதக் கைதான்.

பராமரிப்பிலும் அதே கணக்கு தெரிகிறது. ஒரு குடும்பத்தின் கொரங்காடு ஒரே பரப்பாகக் கிடக்காது. சில ஏக்கர் கொண்ட துண்டுகளாக உள்வேலி போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் மேயும்போது மற்றவை ஓய்ந்திருக்கும். மேய்ந்து முடித்த துண்டில் புல் தூர்கட்டி நின்ற பிறகே மறுபடி கடவைத் திறப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல மழை பார்த்து உழுது, சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். கால்பட்டு இறுகிய மண் பொலபொலக்கும். சாணமும் புழுக்கையும் சேர்ந்த சத்து தானியமாகவும் தட்டாகவும் திரும்பும். அறுவடைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் புதிதாக முளைத்து நிறையும். மாடு, எருமை, செம்மறி மூன்றும் ஒரே புல்லை ஒரே மாதிரி மேய்வதில்லை என்பதால், பின்னால் வரும் செம்மறிக்கும் மாடு விட்டுவைத்தது மீதமிருக்கும். சுழற்சி மேய்ச்சல் என்று இன்றைய கால்நடை அறிவியல் பாடமாகச் சொல்வதை இந்த உழவர்கள் வேலியாகவே கட்டி வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் திட்டமிட்டே செய்யப்பட்டது என்பதற்கு வலுவான சான்று நிலவரியில் இருக்கிறது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. தாமஸ் மன்றோவின் காலத்தில் ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது. அந்த முறையில் உழவர் தம் பெயரில் உள்ள ஒவ்வொரு நிலத்துக்கும் நேரடியாக அரசுக்குத் தீர்வை கட்ட வேண்டும். வேண்டாத நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவும் உரிமையும் அவருக்கு இருந்தது. புல்காடு வெறும் தரிசாக இருந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு பணமாகத் தீர்வை கட்ட எந்த உழவரும் முன்வந்திருக்க மாட்டார். புன்செய்த் தீர்வை குறைவுதானே, அதனால் விட்டுவைத்திருப்பார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். குறைவுதான். ஆனால் வேலியை அடைத்து, வெட்டிச் சீராக்கும் கூலி ஆண்டுதோறும் உண்டு. மழை பொய்த்த ஆண்டிலும் அது நிற்காது. பயன் தராத நிலத்துக்கு வரியும் கூலியும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகச் செலவழிக்கும் உழவர் எங்கும் கிடையாது.

அப்படியானால் புல்லின் பயன் என்ன? பாலும் எருவும் ஒருபுறம் இருக்க, பெரிய பயன் கிணற்றில் இருந்தது. கொங்கு நாட்டின் தோட்ட விவசாயம் முழுக்கவே கிணற்றுப் பாசனம். பாறையைக் குடைந்து ஆழமாக வெட்டிய கிணறுகளிலிருந்து கவலை கட்டி நீரிறைத்தவை எருதுகள். நாள் முழுதும் இறங்கியும் ஏறியும் தோல் பறியை இழுக்கத் தெம்புள்ள எருது இல்லையென்றால் தோட்டத்தில் மஞ்சளும் இல்லை, பருத்தியும் இல்லை, கேழ்வரகும் இல்லை. வண்டிப் பாரமும் ஏரும் அதன் தோளில்தான். அந்த எருது கன்றாகப் பிறந்து எலும்பும் குளம்பும் உறுதிப்பட்டது கொரங்காட்டில். ஆகவே தோட்டத்துக்கும் கொரங்காட்டுக்கும் இடையே பிரிக்க முடியாத கொடுக்கல் வாங்கல் இருந்தது. காங்கயம் மாட்டினம் இந்தப் புல்லின் விளைச்சல் என்றே சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கிப் புகழ்பெறச் செய்தார். அந்தச் சாதனையில் அவருடைய பொலிகாளைகளுக்கு இருந்த பங்கு, விரிந்து கிடந்த வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களுக்கும் உண்டு. வேலி இல்லாத பொதுமேய்ச்சலில் எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இனத்தேர்வுக்கே வேலி முன்நிபந்தனையாக இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்த மண்ணில் வேறெதுவும் விளையாது, அதனால்தான் புல்லுக்கு விட்டார்கள். இதைத் தேர்வு என்று ஏன் கொண்டாட வேண்டும்? பாதி உண்மை இதில் இருக்கிறது: வளமான மண்ணைக் கொங்கு உழவர் புல்லுக்கு விட்டதில்லை. ஆனால் கொரங்காட்டை உழுது விதைத்தபோது சோளமும் கொள்ளும் விளைந்தன என்பதை மேலே பார்த்தோம். கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால்கள் வந்தபின் இதே வட்டாரத்தில் தென்னை நின்றது. ஆக, நிலம் ஒரேயொரு பயனுக்குச் சபிக்கப்பட்டதல்ல. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மழை ஏமாற்றும் ஊரில் எல்லா நிலத்தையும் தானியத்துக்கு உழுதால், பஞ்சம் வரும்போது தானியமும் போகும், தீவனமும் போகும், மாடும் போகும். 1876-78 பெரும்பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களை எப்படி வாட்டியது என்பது இந்தப் பக்கத்து மக்களின் வரலாறு. நிலத்தில் ஒரு பங்கைப் பல்லாண்டுப் புல்லுக்கு விடுவது இழப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. கட்டாயத்துக்குள் நின்று யோசித்துச் செய்ததும் தேர்வுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வேலி யாரை உள்ளே வைத்தது, யாரை வெளியே நிறுத்தியது? கொரங்காடு பட்டா நிலம். பெரும்பாலும் கவுண்டர் குடும்பங்களின் சொத்து. வேலியைக் கட்டியவர்களிலும், பட்டிக்கு ஆடு ஓட்டியவர்களிலும் பலர் நிலமில்லாத பண்ணையாட்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் அருந்ததியர். சிறுவயதிலேயே ஆட்டுக்காரப் பையனாகப் பண்ணையத்தில் கட்டுண்ட வாழ்க்கையைப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் கண்முன் நிறுத்துகிறது. கொரங்காட்டின் நேர்த்தியைப் பேசும்போது இந்த உழைப்பையும் இந்த ஏற்றத்தாழ்வையும் மறைத்துவிட்டுப் பேசினால் அது வரலாறாகாது. அதேபோல, தனிச்சொத்தாக இருந்ததால்தான் புல் பிழைத்தது, பொதுநிலம் என்றால் பாழாகும் என்று முடிவு கட்டுவதும் தவறு. புல்லைக் காத்தது பட்டா அல்ல. வேலிக்குள் கடைப்பிடித்த கட்டுப்பாடு. எத்தனை தலை மேயலாம், எந்தத் துண்டு எத்தனை நாள் ஓய வேண்டும் என்ற கணக்கு இருந்த இடத்தில் புல் நின்றது. அந்தக் கணக்கைக் கேட்பாரில்லாத மேய்ச்சல் புறம்போக்குகள் ஆக்கிரமிப்பிலும் சீமைக்கருவேலிலும் கரைந்துபோயின. ஊர் கூடி அதே கணக்கை நடத்தியிருந்தால் அங்கும் புல் நின்றிருக்கும். பட்டா ஒன்றே காவல் என்றால், இன்று பட்டா உள்ள கொரங்காடுகள் மனைகளாக விற்கப்படுவதற்கு விளக்கம் ஏது?

அந்த அழிவு எங்கே தொடங்கியது என்று தேடினால், புல்லை விட்டுவிட்டு மின்கம்பத்தைப் பார்க்க வேண்டும். 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயம்புத்தூர் வட்டாரக் கிணறுகளுக்குப் படிப்படியாக மோட்டார் வந்தது. கவலை நின்றது. எருது செய்த பெரும் வேலை ஒன்று அங்கேயே தீர்ந்தது. பின்னால் வந்த டிராக்டரும் லாரியும் மீதி வேலையை எடுத்துக்கொண்டன. எருதுக்கு வேலை இல்லாதபோது காங்கயம் பசுவுக்குச் சந்தை சரிந்தது. கூடுதலாகக் கறக்கும் கலப்பினப் பசு கட்டுத்தரைக்கு வந்தது, அது வெயிலில் காடு முழுதும் நடந்து மேய்வதில்லை. வாய்க்கால் நீர் எட்டிய இடங்களில் தென்னை, எட்டாத இடங்களில் காற்றாலை, சாலையோரங்களில் திருப்பூரின் வளர்ச்சி இழுத்துவந்த மனைப்பிரிவுகள். யாரும் கொரங்காட்டை அழிக்க வேண்டும் என்று கிளம்பவில்லை. கிணற்றோடும் எருதோடும் பின்னியிருந்த ஒன்றில் ஓரிழை உருவப்பட்டதும் மற்றவை தளர்ந்தன.

தேவை போனபின் ஒரு ஏற்பாடு போவது இயல்புதானே, ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கலாம். கவலை போனதற்கு வருந்த வேண்டியதில்லை. அந்த வேலையிலிருந்து மனிதருக்கும் மாட்டுக்கும் விடுதலை கிடைத்தது நல்லதே. ஆனால் கொரங்காடு செய்த மற்ற வேலைகள் இன்னும் தேவைப்படுகின்றன. மழை குறைந்த நிலத்தில் பாசனமும் உரமும் இல்லாமல் தீவனம் விளைவிக்க இதைவிடச் சிக்கனமான வழி இன்றுவரை யாரும் கண்டுபிடித்துத் தரவில்லை. செம்மறிக்குச் சந்தை குறையவில்லை, கூடியே இருக்கிறது. இன்று எஞ்சியுள்ள கொரங்காடுகளில் பலவற்றைத் தாங்கி நிற்பது அந்த ஆடுகள்தான். ஆகவே பழையதை அப்படியே மீட்பது வழியல்ல. அதிலிருந்த அறிவை இன்றைய தேவையோடு மறுபடி பிணைப்பதே வழி. புல் நிலத்தைத் தரிசு என்று எழுதாமல் பயிர் நிலமாகவே கணக்கில் எழுத வேண்டும். வேலி போடவும் மறுவிதைப்புக்கும், மற்றப் பயிர்களுக்குத் தரும் உதவியை இதற்கும் தர வேண்டும். நிலமில்லாமல் ஆடு வளர்ப்பவர்கள் முறையான குத்தகைக்கு மேய்க்க வழி செய்ய வேண்டும். பழைய வேலி வெளியே நிறுத்தியவர்களுக்கு இப்போதாவது உள்ளே இடம் வேண்டும். புல்லுக்கு வரி கட்டியும் அதைக் காத்த உழவர்கள் நிலத்தின் மதிப்பை நம்மைவிடத் துல்லியமாகக் கணித்திருந்தார்கள். அவர்கள் கணித்ததைக் கொள்கை வகுப்போர் ஒருமுறையாவது படித்துவிட்டு நிலத்துக்குப் பெயர் சூட்டட்டும்.