செரெங்கெட்டிக்குப் போக நல்ல மாதம் எது?

காலேஜ் நண்பர்கள் ஐந்து பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் இரண்டு வருடமாக ஒரே பேச்சு. ஆப்பிரிக்காவுக்கு ஒரு சஃபாரி போகணும். போன தீபாவளி சமயத்தில் ஒருவழியாக முடிவெடுத்து, எந்த மாதம் என்று பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "நீதான்டா எல்லாத்துக்கும் எக்செல் போடுவ. எப்போ போலாம்னு பார்த்துச் சொல்லு."

போட்டேன். தான்சானியாவின் செரெங்கெட்டி, அதை ஒட்டிக் கென்யாவில் இருக்கும் மசாய் மாரா. பன்னிரண்டு மாதத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பச்சை: வறண்ட காலம், புல் தாழ்ந்திருக்கும், மிருகங்கள் தண்ணீரைத் தேடிக் கூடும், வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும். பிப்ரவரியும் பச்சை: தெற்குச் சமவெளியில் அவை கன்று போடும். ஏப்ரல், மே சிவப்பு. சுவாஹிலியில் அந்தப் பெருமழைக்கு மசிகா என்று பெயர். ஆண்டுக் கடைசியில் பெய்யும் சின்ன மழை வூலி.

இதோடு வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று எழுதிக்கொண்டே போனதில் ஒன்று புரிந்தது. ஆதிகாலம் தொட்டு இப்படியே நடப்பதாகத் தோன்றும் இந்த அட்டவணை, இன்றைய அளவில், என் அப்பாவின் வயதுகூட இல்லாதது.

முதலில் மிருகங்களின் கணக்கு. செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளியில் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அங்கே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம். கன்றுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். ஆனால் அங்கே மழை நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். அதனால் மழைக்காலத்தில் தெற்கு, காய்ந்ததும் மேற்கு, பிறகு வடக்கே மாரா ஆறு, வூலி தொடங்கியதும் மறுபடி தெற்கு. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரத்துக்குள் மொத்தமாகப் பிறந்துவிடும். சிங்கமும் கழுதைப்புலியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு.

அடுத்து வேட்டைக்காரர்களின் கணக்கு. சஃபாரி என்றால் சுவாஹிலியில் பயணம், அவ்வளவுதான். 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நூறு வருடத்துக்கு முன்பு அது துப்பாக்கியும் சுமைகூலிகளும் சேர்ந்த ஊர்வலமாக ஆகியிருந்தது. அமெரிக்க அதிபர் பதவியை முடித்த கையோடு 1909இல் மொம்பாசாவில் வந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகன் கெர்மிட்டும் சுட்ட மிருகங்கள் 512. அந்த ஊர்வலங்களுக்கு வறண்ட மாதம்தான் தோது. கென்யச் சமவெளிகளில் பல இடங்களில் கரிசல் மண். மழை பெய்த கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்று கோவில்பட்டிப் பக்கத்து ஆளான எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று ஜீப்பில் போகிறவர்களுக்கும் காரணம் அதேதான். என் எக்செலின் பச்சைக் கட்டங்களில் பாதி, சக்கரம் புதையாத மாதங்கள்.

ஆனால் அந்த வேட்டைக்காரர்கள் பார்த்து வியந்த ஆளில்லாத பெருவெளி எப்படி வந்தது? அதற்குப் பின்னால் இருப்பது ஒரு மாட்டு நோய்.

1887இல் இத்தாலியப் படைகள் இறங்கிய எரித்ரியக் கரையில் ரிண்டர்பெஸ்ட் என்ற நோய் நுழைந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகளோடு அது வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. அதைப் படித்தபோது எனக்கு அது ஏதோ லத்தீன் பெயராகத்தான் தெரிந்தது. தமிழில் என்னவென்று தேடினேன். வெக்கை நோய். சட்டென்று ஆச்சியின் குரல் கேட்டது. "வெக்க வந்த வருசம் நாலு மாடும் பத்து நாளுல போச்சு. அந்த வருசம் நல்லது கெட்டது ஒண்ணும் கெடையாது நம்ம வீட்டுல." சின்ன வயதில் அதைக் கோடை வெக்கை என்று நினைத்திருந்தேன். வெயிலில் மாடு எப்படிச் சாகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆச்சி வீட்டில் நான்கு மாடு. அங்கே கண்டத்தின் பாதி. எத்தியோப்பியாவில் பெரும் பஞ்சம். 1890, 91 வாக்கில் மாசாய் நிலங்களுக்கு வந்த நோய், 1896இல் தென்னாப்பிரிக்காவைத் தொட்டது. நுழைந்த இடத்திலெல்லாம் மாடுகளில் பத்தில் ஒன்பது போனது. மாசாய் மக்களுக்கு மாடுதான் சாப்பாடு, சீர், மானம் எல்லாம். பால் நின்றது. பின்னாலேயே பெரியம்மை வந்தது. அந்தக் காலத்தை அவர்கள் எமுதாய் என்கிறார்கள், துடைத்து அழித்தது என்ற பொருளில். 1892இல் ங்கொரோங்கோரோ வழியாகப் போன ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பௌமன், எலும்பும் தோலுமாக நடமாடிய மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எருமைகளும் வில்டபீஸ்ட்டுகளும்கூட அதே நோயில் செத்தன. மேய்ச்சல் நின்ற இடங்களில் புதர் மண்டி, செட்சி ஈ பரவி, மனிதர்கள் திரும்பி வரவே முடியாமல் போனது. அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர்கள், மனிதன் கால் படாத காடு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த நினைப்பு லேசில் போகவில்லை. 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவானது. 1950களின் இறுதியில் ஜெர்மன் விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிமெக்கும் மகன் மைக்கேலும், வரிக்குதிரைக் கோடு போட்ட குட்டி விமானத்தில் பறந்து மிருகங்களை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் அந்த விமானம் விழுந்து மைக்கேல் இறந்துபோனார். அவர்கள் எடுத்த படம் ஆஸ்கர் வாங்கியது. செரெங்கெட்டியை உலகத்துக்குத் தெரியவைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. அதே கிரிமெக், பூங்காவுக்குள் உள்ளூர் மக்கள்கூட இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1958இல் மாசாய் பெரியவர்கள் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. 1959இல் மக்கள் வெளியேறி, கிழக்கே ங்கொரோங்கோரோவுக்குப் போனார்கள். அங்கே மிருகங்களோடு சேர்ந்து வாழலாம் என்பது அன்றைய வாக்குறுதி.

கதையில் இன்னொருவரும் இருக்கிறார், வால்டர் பிளோரைட் என்ற கால்நடை மருத்துவர். நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா என்ற ஊரின் ஆய்வகத்தில் வெக்கை நோய்க்கு மலிவான, நம்பகமான தடுப்பூசியை உருவாக்கியவர். 1960களின் தொடக்கத்தில் பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு ஊசி போட்டதும் காட்டு மிருகங்களிடமிருந்தும் நோய் மறைந்தது. அதுவரை வருடாவருடம் செத்துக்கொண்டிருந்த வில்டபீஸ்ட் கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. 1961இல் இரண்டரை லட்சம் சொச்சம் இருந்தவை, 1970களில் வறண்ட மாத மழையும் கூடியதால், 1977இல் 13 லட்சத்தைத் தாண்டின. டிவியில் நாம் வாய் பிளந்து பார்க்கும் அந்த ஆற்றுக் கடப்பின் பிரம்மாண்டம், மாட்டுக்குப் போட்ட ஊசியால் வந்தது.

மாடு பிழைத்ததால் மாசாய் மக்களுக்கும் லாபம்தானே என்று நினைத்தேன். அங்கேதான் என் பிப்ரவரிக் கட்டத்துக்கு வேறு அர்த்தம் வந்தது. வில்டபீஸ்ட் கன்றுகளிடம் ஒரு வைரஸ் உண்டு. அவற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மாட்டுக்குத் தொற்றினால் அநேகமாகச் சாவுதான். கன்று போடும் இடத்தில் மேய்ந்தால் மாடு சாகும் என்று மாசாய் மேய்ப்பர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அந்த மாதங்களில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். விஞ்ஞானத்துக்கு இது 1960இல்தான் உறுதியானது. வில்டபீஸ்ட்டிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்த குழுவிலும் இருந்தவர் அதே பிளோரைட்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மாட்டைக் காக்கப் போட்ட ஊசியால் வில்டபீஸ்ட் பெருகியது. வில்டபீஸ்ட் பெருகியதால், வருடத்தின் ஆகச் சிறந்த புல் முளைக்கும் மாதங்களில் அந்தப் புல் மாட்டுக்குக் கிடைக்காமல் போனது. செரெங்கெட்டியை விட்டு ங்கொரோங்கோரோவுக்கு வந்தவர்களுக்கு ஒதுங்கிப் போகவும் இடம் குறைவு. என் எக்செலில் அடர்பச்சையாக இருக்கும் பிப்ரவரி, ஒரு மாசாய் மேய்ப்பர் அட்டவணை போட்டால் சிவப்பு. நான் சிவப்படித்த ஏப்ரல் மசிகாதான் அவருக்குப் புல்லும் பாலும்.

இது பழங்கதை ஆகிவிடவும் இல்லை. 2022 ஜூனில், செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை வனவிலங்குகளுக்கென்று எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது மாசாய் மக்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்தது. ங்கொரோங்கோரோவிலிருந்தும் குடும்பங்களைத் தொலைவில் இருக்கும் ம்சோமெராவுக்கு மாற்றும் வேலை தொடங்கியது. இன்னொரு பக்கம், பூங்கா இல்லாமல் போயிருந்தால் அந்த 13 லட்சத்துக்கு ஓட இடம் இருந்திருக்குமா என்றும் தெரியவில்லை. ரெண்டு பக்கமும் நியாயம் என்று சொல்லி நழுவுவது சுலபம். ஆனால் விலை கொடுத்தவர்கள் ஒரே பக்கத்து ஆட்கள்தான், அதுவும் இரண்டு தடவை.

குழுவில் கடைசியாக பிப்ரவரி என்று போட்டேன். "ஆறு கடக்கறது பாக்க வேணாமா?" என்று ஒருத்தன் கேட்டான். கன்றுகள் பிறக்கும் இடத்தைப் பார்க்கணும் என்றேன். முழுக்காரணத்தை வாட்ஸப்பில் எழுத முடியாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். டிக்கெட் போட்டாச்சு. சமவெளியில் கன்றுகளைப் பார்த்து முடித்த பிறகு, அந்த மாதம் மாடுகள் எங்கே நிற்கின்றன, அங்கே புல் எப்படி இருக்கிறது என்று யாரிடமாவது கேட்கணும். ஆச்சி இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.