வண்ணத்தில் வந்த வானவர்

கல்முனைக் கரையிலே, நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் கடற்கரைப் பள்ளிவாசலில் மலக்குகளின் உருவப்படம் எதுவும் இல்லை. ஆயினும் அவ்வூரில் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அவர்களை நன்கு அறிவர். அதே வானவரைக் கபிரியேல் என்றழைக்கும் கிறிஸ்தவ உலகமோ, வண்ணத்திலே அவரைக் காண முயன்றது. அம்முயற்சியின் வரலாறு நாம் அறியத்தக்கது.

இத்தாலியின் பாதுவா நகரில், 1305ஆம் ஆண்டளவில், ஜியோத்தோ என்னும் ஓவியர், இயேசுவின் உடலுக்குமேல் வானவர் கைகளைப் பிசைந்து கதறுவதாகத் தீட்டினார். பொன்னிறப் பின்னணியில் அசைவற்று நின்ற வானவர், மனிதரைப்போல் அழுதனர். 1440களில், புளோரன்ஸ் நகரத்துச் சான் மார்க்கோ மடத்தில், பிரா அஞ்சலிக்கோ என்னும் துறவி, மர்யமிடம் நற்செய்தி கொணர்ந்த வானவரை வரைந்தார். வானவர் முழந்தாளைத் தாழ்த்தி, கைகளை மார்பின் குறுக்கே வைத்திருக்கிறார். மர்யமும் அவ்வாறே கைகளை வைத்து அமர்ந்திருக்கிறார். அங்கே பணிவே பேசுகிறது. 1472 அளவில் லியோனார்டோ இக்காட்சியை வரைந்தபோது, வானவருக்குப் பறவையின் சிறகுகளை அளித்து, கையில் லில்லி மலரையும் கொடுத்தார். அம்மலர் தூய்மையின் அடையாளம்.

நேயர்களே, இச்சிறகுகள் இந்தியாவுக்கும் வந்தன. 1580இல் இயேசு சபைக் குருமார் அக்பரின் அவைக்குப் படங்களுடன் அச்சிட்ட விவிலியத்தைக் கொணர்ந்தனர். முகலாய ஓவியர் அப்படங்களைப் பார்த்துப் பயின்றனர். 1615க்கும் 1618க்கும் இடையில் பிச்சித்தர் தீட்டிய ஓவியத்தில், ஜஹாங்கீர் மன்னர்களை விடுத்துச் சூபி ஞானி ஒருவருக்கு நூல் அளிக்கிறார். அவருடைய அரியணை ஒரு மணற்கடிகாரம். அதன் அடியில் குழந்தை வானவர் இருவர், மன்னருக்கு ஆயிரம் ஆண்டு வேண்டி எழுதுகின்றனர், மணலோ இறங்கிக்கொண்டிருக்கிறது. இறைவனின் ஏவலர் இங்கே அரசனின் புகழ்பாடுவோராயினர். ஜஹாங்கீர் 1627இல் மறைந்தார்.

அந்நூற்றாண்டிலேயே தமிழகத்தில் தோன்றிய உமறுப் புலவர் தூரிகையை நாடவில்லை. நபிகள் நாயகத்திடம் ஜிப்ரீல் வந்த வரலாற்றைச் சீறாப்புராணத்திலே செய்யுளாக்கினார். கேட்போர் தத்தம் உள்ளத்திலேயே வானவரைக் கண்டனர்.

துறவி சுவரில் வரைந்த பணிவும், புலவர் சொல்லில் அமைத்த பணிவும் ஒன்றே. இரண்டிலும் வானவர் தாம் கொணர்ந்த செய்திக்குப் பின்னே ஒதுங்கி நிற்கிறார். அரசவை ஓவியத்தில் அச்செய்தி மறைந்தது. சிறகு மட்டுமே எஞ்சியது.